வானில் ஒரே சாயல்

ஒரு பொருளைத் தொலைவிற் கண்டதும் அஃது இன்னதெனக் கூறும் ஆற்றலை மனிதனுக்குக் கொடுத்தது உழைப்பேயாகும். கரையில் நிற்கும் மீனவன் அடிவானத்திற் புள்ளியாய்த் தெரியும் பாயின் சரிவைக் கொண்டே வருவது யாருடைய தோணி என்பான். வயலைக் காப்பவன் பறவை இறங்குமுன்னரே அது விளைச்சலுக்குப் பகையா அன்றா என்பதைச் சிறகடிப்பால் அறிவான். இவ்வறிவு ஏட்டிலிருந்து வந்ததன்று. வாழ்வின் தேவை கண்ணைப் பழக்கியதால் வந்தது. இருபதாம் நூற்றாண்டு இதே கண்ணுக்குப் புதியதொரு பாடத்தைக் கற்பித்தது. மேகத்தினின்று வெளிப்பட்டுச் சில கணங்களில் மறையும் போர் விமானம் நட்பா பகையா என்று நொடிப்பொழுதிற் சொல்ல வேண்டிய நிலை தோன்றியது.

ஒத்த சாயலுடைய போர் விமானங்களைக் கண்ணாற் பிரித்தறியும் இக்கலை, மேலோட்டமாகப் பார்ப்போர்க்குச் சிறுவரின் பொழுதுபோக்காகத் தோன்றலாம். அதன் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கினால் வேறு இரண்டு செய்திகள் புலனாகும். கண் காணுமுன்னரே மனத்தில் எது பதிக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. தவறு நேரும்போது அதன் விலையைக் கொடுப்பவர் யாவர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டே இவ்வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1939 செப்டெம்பர் 3ஆந் திகதி பிரித்தானியா ஜேர்மனி மீது போர்ப் பிரகடனஞ் செய்தது. மூன்று நாட்கள் கழித்து, 6ஆந் திகதி காலையில், பகைவர் விமானங்கள் வருகின்றன என்ற பொய்யான எச்சரிக்கை கிடைத்தது. ஹரிக்கேன் விமானங்கள் மேலெழுந்தன. அவற்றைத் தொடர்ந்து ஸ்பிற்பயர் விமானங்களும் எழுந்தன. ஸ்பிற்பயர் ஓட்டிகள் தமக்கு முன்னே பறந்த ஹரிக்கேன்களை ஜேர்மன் மெசஸ்மிற் விமானங்களென நம்பிச் சுட்டனர். இரண்டு விமானங்கள் வீழ்ந்தன. ஓர் இளம் விமானி மாண்டார். அப்போரில் உயிர்நீத்த முதலாவது பிரித்தானியப் போர் விமான ஓட்டி அவரே. அன்று அந்த வானத்தில் ஒரு ஜேர்மன் விமானமேனும் இருக்கவில்லை.

ஹரிக்கேனுக்கும் மெசஸ்மிற்றுக்கும் வேறுபாடுகள் இல்லாமலில்லை. ஆயின், பகைவன் வருகிறான் என்ற சொல் முன்னரே காதில் விழுந்துவிட்டது. கண் அச்சொல்லுக்கு ஏற்பவே கண்டது. இனங்காணலின் வரலாறு முழுவதிலும் திரும்பத் திரும்ப நாம் சந்திக்கும் உண்மை இது.

இக்குறையைப் போக்க முன்வந்தோரிற் பெரும்பாலோர் சாதாரண மக்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பிரித்தானியாவில் 1925இலேயே அவதானிப்போர் படை ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. கடைக்காரரும் எழுதுவினைஞரும் கமக்காரரும் தத்தம் வேலை முடிந்தபின் குன்றுகளிலும் வயல்வெளிகளிலும் காவலிருந்து, வானிற் கண்டதைத் தொலைபேசியில் அறிவித்தனர். 1941 முதல் பெண்களும் இதிற் சேர்ந்தனர். விமானங்களின் சாயலைப் பிரித்தறியும் பயிற்சியை மேலிடம் போதிய அளவு தராத ஆரம்ப நாட்களில், இத்தொண்டர்கள் தாமே சங்கம் அமைத்துப் பயின்றனர். அதே 1941 ஜனவரியில் இப்பயிற்சிக்கென்றே ஒரு பத்திரிகையும் தோன்றியது. ஒவ்வொரு விமானத்தின் நிழலுருவும் முன்பக்கம், பக்கவாட்டு, அடிப்பக்கம் என மூன்று கோணங்களிற் கறுப்பு மையில் அச்சிடப்பட்டது. மாணவர் அட்டைகளை வைத்து விளையாட்டாகவே அவற்றை மனனஞ் செய்தனர்.

பயிற்சியின் முறை எளியது: சிறகு, இயந்திரம், உடல், வால் என்னும் நான்கையும் வரிசையாக நோக்க வேண்டும். ஸ்பிற்பயரின் சிறகு நீள்வட்ட வடிவில் நுனி குறுகிச் செல்லும்; அக்கால மெசஸ்மிற்றின் சிறகோ வெட்டிவிட்டாற்போல் முடியும். எனினும், வானில் விமானம் நான்கு உறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை. அமெரிக்க உளவியலறிஞர் சாமுவேல் ரென்ஷோ வேறொரு வழியைக் கையாண்டார். திரையில் ஒரு விமானத்தின் உருவத்தை வினாடியின் மிகச் சிறு பகுதியே காட்டி, உறுப்பு உறுப்பாகப் பாராது முழு உருவையும் ஒருசேரப் பற்றிக்கொள்ளக் கண்ணைப் பழக்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் சொல்லைக் கண்டதும் வாசிப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்கள் அறிவார்கள். ரென்ஷோ செய்ததும் அதுவே. அமெரிக்கக் கடற்படை 1942 முதல் இம்முறையைப் பின்பற்றியது.

கண்ணைப் பழக்கலாம், அதே வழியில் அதனை ஏமாற்றவும் கூடும். 1940இல் ஜேர்மன் பிரசாரத் துறை ஹைன்கெல்-113 என்னும் புதிய போர் விமானத்தின் படங்களை உலகெங்கும் பரப்பியது. உண்மையில் அப்பெயரில் விமானமே கிடையாது. படைக்கு எடுத்துக்கொள்ளப்படாத ஹைன்கெல்-100 விமானங்கள் சிலவற்றுக்குப் பொய்யான சின்னங்களைத் தீட்டிப் படம்பிடித்ததே அச்சூழ்ச்சி. பிரித்தானியரின் இனங்காணல் ஏடுகளில் ஹைன்கெல்-113 இடம்பெற்றது. இடம்பெறவே, அதனை வானில் எதிர்கொண்டதாகவும் வீழ்த்தியதாகவும் விமானிகள் அறிக்கை எழுதினர். அவர்கள் பொய் சொல்லவில்லை. மெசஸ்மிற்றைக் கண்டவர்கள், புத்தகத்தில் இருந்த இல்லாத விமானத்தை அதிற் கண்டார்கள். அச்சேறிய பொய் எவ்வாறு நேர்மையான மனிதனின் காட்சியாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

1943 ஜூலை 11ஆந் திகதி இரவு சிசிலித் தீவின் மேல் நிகழ்ந்தது இன்னுங் கொடியது. நேச நாடுகளின் வான்குடைப் படையினரை ஏற்றிக்கொண்டு 144 அமெரிக்க விமானங்கள் சென்றன. அன்று பகைவரின் குண்டுவீச்சாற் கலங்கியிருந்த கடற்படையும் தரைப்படையும் தம்முடைய விமானங்களையே சுட்டன. 23 விமானங்கள் வீழ்ந்தன. இதனாற் பெற்ற பாடமே, 1944 ஜூனில் நோர்மண்டிக் கரையில் இறங்கிய வேளை நேச நாட்டு விமானங்களின் சிறகிலும் உடலிலும் தீட்டப்பட்ட மூன்று வெள்ளைப் பட்டைகளும் இரண்டு கறுப்புப் பட்டைகளுமாகும். அதே வேளை, அவதானிப்போர் படையிலிருந்து 700க்கு மேற்பட்ட தொண்டர்கள் கப்பல்களிற் சென்று பீரங்கி வீரரின் அருகே நின்றனர். "சுடாதே, நம்முடையது" என்று சொல்வதே அவர்களின் பணி. அழிப்பதற்கென்றே கூடிய பெரும் படையில், அழிக்காமலிருக்கும் அறிவைச் சுமந்து சென்றவர்கள் ஊதியம் பெரிதும் பெறாத அந்த ஊர்மக்களே.

போர் முடிந்து ஜெட் விமானங்களின் காலம் பிறந்தது. இனங்காணல் முன்னிலுங் கடினமாயிற்று. அதன் உச்சநிலையைக் கொரியாவிற் காண்கிறோம்.

சோவியத்து நாட்டின் மிக்-15 விமானமும் அமெரிக்காவின் சேபர் விமானமும் 1950ஆம் ஆண்டின் இறுதியில் யாலு ஆற்றுக்கு மேலே ஒன்றையொன்று சந்தித்தன. இரண்டும் உடன்பிறந்தவை போலவே இருந்தன: மூக்கிற் காற்றை உள்வாங்கும் துவாரம், ஒற்றை இயந்திரம், 35 பாகை பின்சாய்ந்த சிறகுகள். சேபர் முதன்முதலிற் பறந்தது 1947 ஒக்டோபர் 1இல்; மிக்-15 பறந்தது அதே ஆண்டு டிசெம்பர் 30இல். ஒன்றுக்கொன்று பகையான இரு சமுதாய அமைப்புகள் மூன்று மாத இடைவெளியில் ஒரே உருவத்தை எவ்வாறு படைத்தன?

முதலாவது காரணம் இயற்கையின் நியதி. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது நேரான சிறகின் மேற் காற்று நெருக்கமுற்றுத் தடையாகிறது. சிறகைப் பின்னே சாய்த்தால் அத்தடை தாமதமாகத் தோன்றும். இதனை ஜேர்மன் அறிஞர் அடொல்ப் புசமான் 1935இலேயே ரோம் நகரில் நடந்த மாநாட்டில் எடுத்துக்கூறினார். அன்று அதைப் பொருட்படுத்தியோர் சிலரே. 1945இல் ஜேர்மனி வீழ்ந்தபோது, அங்கு நடந்த ஆய்வுகளின் ஏடுகள் வெற்றிபெற்ற இரு தரப்பினர் கைக்கும் சென்றன. காற்றுக்கு முதலாளித்துவம், சமவுடைமை என்ற பேதமில்லை. ஒரே வேகத்தை நாடியவர்களை அது ஒரே வடிவத்துக்கு இட்டுச்சென்றது.

இரண்டாவது காரணம் வணிகம். மிக்-15இன் இயந்திரம் பிரித்தானிய றோல்ஸ்-றோய்ஸ் நிறுவனத்தின் நீன் இயந்திரத்தின் வழிவந்தது. 1946இல் பிரித்தானியத் தொழிற்கட்சி அரசாங்கத்தின் இசைவுடனேயே அது சோவியத்து நாட்டுக்கு விற்கப்பட்டது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில், பிரித்தானியப் படைகளும் நின்று போரிட்ட கொரியாவின் வானில் அதன் வாரிசு முழங்கியது.

ஆயினும், கூர்ந்து நோக்குவார்க்கு இவ்விரண்டுக்கும் வேற்றுமைகள் உண்டு. மிக்-15இன் சிறகு உடலின் நடுவே பொருந்தி நுனி சற்றுக் கீழ்நோக்கிச் சாயும். சேபரின் சிறகு உடலின் அடிப்பகுதியில் அமைந்து மேல்நோக்கிச் சாயும். மிக்கின் கிடையான வால் நிமிர்ந்த வாலின் மேலே உயர்த்தி வைக்கப்பட்டிருக்கும். சேபரின் கிடையான வால் உடலோடு ஒட்டியே இருக்கும். மிக்கின் மூக்குத் துவாரம் வட்டமானது, நடுவே ஒரு தடுப்பு அதனை இரண்டாகப் பிரிக்கும். சேபருக்கோ மேலுதடு முன்னே நீண்டிருக்கும். மிக்கின் ஒவ்வொரு சிறகின் மீதும் வரம்பு கட்டியதுபோல் இரு மெல்லிய தகடுகள் நிற்கும். படத்தைப் பார்த்து இவற்றைச் சொல்வது எளிது. மணிக்கு 1,000 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டும் எதிரெதிராக வரும்போது, ஒவ்வொரு வினாடியும் அவற்றின் இடைவெளி அரைக் கிலோமீற்றருக்கு மேற் குறைகிறது. வாலைப் பார்ப்பதற்குள் வால் பின்னே போய்விடும். ஆகவே அமெரிக்கர் மீண்டும் வண்ணத்தையே நாடினர். சேபரின் சிறகிலும் உடலிலும் கறுப்புக் கரையிட்ட மஞ்சட் பட்டைகள் தீட்டப்பட்டன.

வண்ணம் விமானத்தைக் காட்டலாம், உள்ளிருப்பவனைக் காட்டாது. கொரியாவிற் பறந்த மிக்-15களிற் பலவற்றை ஓட்டியோர் சோவியத்து விமானிகளே. விமானங்களிலோ கொரியச் சின்னமும் சீனச் சின்னமும் இருந்தன; விமானிகள் சீனச் சீருடை அணிந்தனர்; வானொலியிற் கொரிய மொழியிற் பேசுமாறு பணிக்கப்பட்டனர். ஆபத்துக் கணத்தில் அவர்கள் தாய்மொழியிலே கத்தியதை அமெரிக்கர் கேட்டனர். கேட்டும் அதனை அமெரிக்க அரசாங்கம் பகிரங்கப்படுத்த விரும்பவில்லை. பகிரங்கப்படுத்தினாற் பெரும்போர் மூளும் என அஞ்சியது. வானிலிருந்த விமானியை அறியும்படி வற்புறுத்திய அரசுகள், அறிந்ததை மக்களுக்குச் சொல்லாதிருக்க உடன்பட்டிருந்தன.

போர்நிறுத்தத்தின் பின், 1953 செப்டெம்பர் 21இல், நோ கும்-சொக் என்னும் வடகொரிய விமானி தமது மிக்-15ஐத் தெற்கே கிம்போ தளத்துக்கு ஓட்டிச்சென்று சேபர்களின் நடுவே இறக்கினார். எவரும் அவரைத் தடுக்கவில்லை. ராடர் அவ்வேளை நிறுத்தப்பட்டிருந்தது. இருந்த கண்களோ அங்கு ஒரு மிக்கை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்த இடத்தில் நண்பனையும் பகைவனாகக் காணும் கண், எதிர்பாராத இடத்திற் பகைவனையும் காணாது விடுகிறது.

கொரியாவில் இரு தரப்பும் தனித்தனியே செய்த விமானங்கள் ஒத்திருந்தன. இருபது ஆண்டுகள் கழித்து மேற்காசியாவில், ஒரே தொழிற்சாலையின் படைப்பே இரு தரப்பிலும் நிற்கும் நிலை வந்தது. பிரான்சின் மிராஜ் விமானங்களை இஸ்ரேல் வாங்கியிருந்தது. 1967 போரையொட்டிப் பிரெஞ்சு அரசாங்கம், இஸ்ரேல் கேட்டிருந்த 50 மிராஜ்-5 விமானங்களைக் கொடாது நிறுத்தியது. பின்னர் லிபியாவுக்கு அதே இன விமானங்களை விற்றது. அவற்றிற் சில எகிப்தின் கையிற் சேர்ந்தன. மிராஜின் இயந்திர வரைபடங்களை இரகசியமாக இஸ்ரேலுக்கு விற்ற சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஒருவர் 1971இல் தண்டிக்கப்பட்டார். முக்கோணச் சிறகுடைய ஒரே விமானம் இரு கொடிகளின் கீழும் பறந்த 1973 போரையொட்டி, இஸ்ரேலியர் தம் மிராஜ் இன விமானங்களின் சிறகிலும் வாலிலும் கறுப்புக் கரையிட்ட பெரிய மஞ்சள் முக்கோணங்களைத் தீட்டினர். இங்கே சாயலின் காரணம் காற்றின் நியதியன்று. ஆயுதச் சந்தையின் நியதி. பகைவரிருவருக்கும் ஒரே சரக்கை விற்கும் வணிகன், அவர்களைப் பிரித்தறியும் பொறுப்பை மட்டும் விமானியின் கண்ணிடம் விட்டுவிடுகிறான்.

அம்மிராஜின் உடலில் அமெரிக்க இயந்திரத்தைப் பொருத்தி இஸ்ரேல் செய்த விமானமே கிபிர். வியட்நாம் போரிற் பறந்த அமெரிக்கப் பாந்தம் விமானங்களில் இருந்ததும் அதே இன இயந்திரந்தான். பாந்தத்தின் உருவம் தெரியுமுன்னரே அதன் இயந்திரம் கக்கும் கரும்புகை வானிற் கோடிட்டு அதனைக் காட்டிக்கொடுத்தது. பார்வைக்கு எட்டாத் தூரத்திலேயே தாக்கும் ஏவுகணைகளைச் சுமந்து சென்றும், கண்ணாற் கண்டு உறுதிசெய்யாது சுடலாகாதென்ற விதியால் அவ்விமானிகள் போரின் பெரும்பகுதியிற் கட்டுண்டிருந்தனர். விஞ்ஞானம் எவ்வளவு முன்னேறினும் கண்ணின் சாட்சியையே இறுதியில் நாடவேண்டியிருந்தது.

அச்சாட்சியையும் ஆணை வென்ற நாட்கள் உண்டு. 1983 செப்டெம்பர் 1இல் சோவியத்துச் சுகோய்-15 ஒன்று தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் மாண்டனர். தரையிலிருந்தோர் அதனை அமெரிக்க வேவு விமானமெனக் கருதினர். சாளரங்கள் இரு வரிசையாய் இருந்ததைத் தாம் கண்டதாகவும், அது பயணிகள் விமான இனமென அறிந்ததாகவும் அவ்விமானி பல ஆண்டுகளின் பின் கூறினார். கண் கண்டது; ஆயின் கண்ணை எவரும் கேட்கவில்லை. 1988 ஜூலை 3இல் பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸ் ஈரானியப் பயணிகள் விமானத்தை வீழ்த்தியது. 290 பேர் மாண்டனர். எப்-14 போர் விமானமொன்று தாக்க வருகிறது என்பது கப்பலின் முடிவு. எப்-14இன் நீளம் ஏறக்குறைய 19 மீற்றர். அந்த ஏர்பஸ் 50 மீற்றருக்கு மேல் நீண்டது. குழந்தைக்கும் தெரியக்கூடிய வேற்றுமை இது. ஆனால் ராடர்த் திரையில் இரண்டும் புள்ளிகளே. மேலெழுந்துகொண்டிருந்த விமானத்தைக் கீழிறங்குவதாக அறிவித்தனர். கருவி சரியாகவே காட்டியது; அச்சத்தோடு வாசித்தவர்களே பிழையாக வாசித்தனர். அக்கப்பலின் தளபதிக்கு 1990இல் சேவைக்கான விருது வழங்கப்பட்டது.

1994 ஏப்பிரில் 14இல், ஈராக்கின் வடபகுதியில், இரண்டு அமெரிக்க எப்-15 விமானிகள் இரு ஹெலிகொப்டர்களைக் கண்ணாற் பார்த்தே ரஷ்ய இனமென உறுதிசெய்து சுட்டனர். அவை அமெரிக்காவினுடையவை, 26 பேர் இறந்தனர். பக்கங்களிற் பூட்டியிருந்த எண்ணெய்த் தாங்கிகள் அவற்றுக்கு ரஷ்ய ஹெலிகொப்டரின் சாயலைக் கொடுத்துவிட்டன. 2003இல் ஈராக் போரின்போது அமெரிக்க ஏவுகணை பிரித்தானிய விமானமொன்றை வீழ்த்தியது. 2019 பெப்ரவரி 27இல் காஷ்மீரில் இந்திய ஏவுகணை இந்திய ஹெலிகொப்டரையே வீழ்த்தியது. விமானப் படையினர் அறுவரோடு தரையிலிருந்த ஒரு குடிமகனும் மாண்டார். நட்பா பகையா என வினவி விடைபெறும் மின்கருவிகள் பெருகியபின்னும் 1939இன் கதை தொடர்ந்தது.

இதுவரை சொன்னவற்றில் விமானத்தை நோக்கியோர் ஆயுதம் தாங்கியோரும் அவர்களுக்குத் துணைநின்றோருமே. ஆயுதமின்றிக் கீழேயிருந்து நோக்கிய மக்களின் வரலாறு ஏடுகளில் அருகியே காணப்படுகிறது. அதை நாம் அயல்நாட்டிற் சென்று தேட வேண்டியதில்லை. மேலே குறித்த கிபிர் விமானங்கள் 1996இல் இலங்கை விமானப் படையிற் சேர்ந்தன. 2000இல் மிக்-27 விமானங்கள் வந்தன. 2009இல் உள்நாட்டுப் போர் முடியும்வரை, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கிழக்கிலும் வாழ்ந்த மக்கள் ஒரு பாடநூலுமின்றி இக்கலையிற் தேர்ந்தனர். அவ்ரோ, புக்காரா, கிபிர், மிக், கெலி என்ற பெயர்கள் சிறுவர் வாயில் ஊர்ப் பறவைகளின் பெயர்போல் வழங்கின. ஆளில்லா வேவு விமானத்துக்கு அதன் இரைச்சலைக் கொண்டு வண்டு எனத் தாமே பெயரிட்டனர். சிறகையும் வாலையும் பார்க்க அவகாசமில்லாதபோது, எதன் ஓசைக்குப் பதுங்குகுழிக்கு ஓடவேண்டும், எதன் ஓசைக்கு நின்று பார்க்கலாம் என்பதைக் காது தீர்மானித்தது. இங்கிலாந்தின் மாணவன் அட்டையைப் பார்த்துக் கற்றதை, இம்மாணவன் வகுப்பறையிலிருந்து ஓடிக் கற்றான்.

இவ்விரு மாணவரையும் ஒருசேர நிறுத்திப் பார்க்கும்போதே இவ்வரலாற்றின் பொருள் முழுமையாகத் துலங்குகிறது. விமானம் விமானத்தை இனங்காண அரசுகள் செய்த முயற்சிக்கு அளவில்லை: நிழலுரு அட்டைகள், உளவியல் ஆய்வுகள், மஞ்சட் பட்டைகள், மின்கருவிகள். அத்தனையும் விலையுயர்ந்த விமானத்தையும் அதனை ஓட்டுபவனையும் காப்பதற்கே. கீழேயிருப்பவர் வானத்துக்குத் தம்மை அறிவிக்கும் வழிகளோ மிகச் சில. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் மருத்துவமனைக்கு அளித்த செஞ்சிலுவைச் சின்னம் அவற்றுள் முதன்மையானது. வீட்டின் கூரைக்கும் பாடசாலையின் கூரைக்கும் அத்தகைய சின்னம் அளிக்கப்படவில்லை. சின்னம் தீட்டிய கூரைகளும் பல போர்களில் தப்பவில்லை.

மிக்-15ஐயும் சேபரையும் வாலைப் பார்த்துப் பிரித்தறியலாம். மிராஜையும் கிபிரையும், காற்றுத் துவாரத்தின் மேலே கிபிருக்குள்ள சிறு முன்சிறகைக் கொண்டு பிரித்தறியலாம். இவற்றை மாணவர்க்குச் சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை. கூர்மையான பார்வை எவ்வறிவுக்கும் அடிப்படை. ஆயின் ஆசிரியர் அத்தோடு நிறுத்தலாகாது. ஹைன்கெல்-113ஐ வானிற் கண்ட விமானியின் கதையையும் கூடவே சொல்ல வேண்டும். பகைவன் இன்ன உருவினன் என்று முன்கூட்டியே வரைந்து தரப்படும் நிழலுருக்கள் விமானங்களுக்கு மட்டுமா இருக்கின்றன? இனத்துக்கும் மொழிக்கும் சமயத்துக்கும் அத்தகைய நிழலுருக்கள் நாள்தோறும் அச்சாகின்றன. அவற்றை மனனஞ் செய்த கண், எதிரே வரும் அயலவனிடமும் இல்லாத பகைவனையே காணும். வரைந்து தந்தவன் யார், எதற்காகத் தந்தான் என்று கேட்கப் பழகிய மாணவனின் கண்ணே பயின்ற கண்ணாகும்.